பழைய ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு எல்எஸ்டி: தேரிச் செம்மணலுக்குச் சரி, கரிசலுக்கு?

கேள்வி: கயத்தாறு வாசகர், 6 ஜனவரி 2024

பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் வைத்திருக்கிறேன். ஃபோர் வீல் போட்ட பிறகும் ஓடைக்கரை ஏறும்போது முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டும் சும்மா சுற்றுகின்றன, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின் டிஃபரன்ஷியலுக்குள் (விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) வெல்டு வைத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார் பட்டறைக்காரர். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்தான் (எல்எஸ்டி) போட வேண்டும் என்கிறான் தம்பி. யார் பேச்சைக் கேட்பது?

6 ஜனவரி 2024, இரவு

தம்பி பேச்சை. வெல்டு வேண்டவே வேண்டாம்.

உங்கள் வண்டியின் பின் ஆக்சில் ஸ்பைசர் 44. அதன் ஆக்சில் ஷாஃப்ட் வெளிமுனையில் கூம்பாகச் சரிந்து, ஒரு கீயோடு (சின்ன இரும்பு ஆப்பு) சக்கரம் மாட்டும் ஹப்புக்குள் உட்கார்ந்திருக்கும். வெல்டு வைத்தால் இரண்டு பின் சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். தார் ரோட்டில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அது முடியாதபோது டயர் தேயும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். கீ வெட்டிய இடம்தான் அந்த ஷாஃப்ட்டில் பலவீனமான இடம். அங்கே முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று வெளியே வந்துவிடும். இந்த ஜீப்பில் பிரேக் ஒரே சர்க்யூட் என்பதையும் மறக்க வேண்டாம். டிரம் இல்லாத பக்கத்தில் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே தள்ளி எண்ணெய் கொட்டும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். வயலோடு நிற்கிற வண்டி என்றால்கூட யோசிப்பேன். நீங்கள் நான்குவழிச் சாலையில் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் ஓட்டுகிறீர்கள்.

7 ஜனவரி 2024

ஃபோர் வீல் போட்டும் ஏன் நிற்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் வேகத்தை மாறவிடும். விசையை மட்டும் சமமாகத்தான் பிரிக்கும். ஒரு சக்கரம் புழுதியில் தொங்கி 10 பங்கு விசையைத்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கிற மற்றதுக்கும் அதே 10 பங்குதான் போகும். என்ஜினில் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. முன்னும் பின்னும் இதே கதை என்பதால், ஓடைக்கரையில் வண்டி குறுக்காகச் சாயும்போது மூலைக்கு மூலை ஒவ்வொரு சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஆட்டம் முடிந்தது.

எல்எஸ்டி அந்தச் சமப் பங்கை உடைக்கும். பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதலாக அனுப்பும். அதனால் ஒரே ஷாஃப்ட் முன்பைவிட அதிகச் சுமை வாங்கும். மேலே சொன்ன கூம்பு முனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கேதான் வரப்போகிறோம்.

9 ஜனவரி 2024

டார்சன் மாதிரிப் பல்சக்கர வகைதான் உலகத்திலேயே சிறந்தது, தேய்மானமே இல்லை என்று பாளையங்கோட்டைத் தம்பி எழுதியிருக்கிறார். தார் ரோட்டுக் காருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது குறைந்த பிடிப்புள்ள பக்கத்தில் இருக்கும் விசையை இத்தனை மடங்கு என்று பெருக்கித்தான் மறுபக்கம் கொடுக்கும். சக்கரம் முழுதாக அந்தரத்தில் நின்றால் அங்கே விசை ஏறத்தாழ பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதற்குக் கைப்பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓட்டும் வித்தை உண்டு. நம் ஜீப்பில் அது நடக்காது, ஏனென்றால் கைப்பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிறது. இழுத்தால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் பிடிக்கும்.

ஆகவே இந்த வண்டிக்கு என் ஓட்டு, உராயும் பிளேட்டுகள் இறுகிப் பிடிக்கிற பிளேட் வகைக்கு. டானா கம்பெனியின் பவர்-லாக் அந்தக் காலத்திலேயே ஸ்பைசர் 44க்கு வந்தது. உள்ளே ஸ்டார் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரங்களைத் தாங்க இரண்டு குறுக்குத் தண்டுகள், தண்டின் முனைகள் சரிவு வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். விசை ஏறினால் தண்டு சரிவில் ஏறி இரண்டு பக்கமும் வெளியே தள்ளும், அந்தத் தள்ளலில் பிளேட்டுகள் இறுகும். ஆக்சிலரேட்டரை விட்டால் இறுக்கம் குறைந்துவிடும். எவ்வளவு தேவையோ அவ்வளவு பிடிக்கிற இந்த ஏற்பாட்டை நினைத்தவருடைய கையை எனக்குக் கும்பிடத் தோன்றும்.

9 ஜனவரி 2024, பின்சேர்க்கை

வரலாறு கேட்டவருக்கு: 1935இல் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் உள்சக்கரம் வளைவில் சும்மா சுற்றியதால்தான் ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்.எஃப். நிறுவனத்திடம் இப்படி ஒன்றைச் செய்யச் சொன்னார். அமெரிக்காவில் 1956இல் பேக்கார்டு கார் வாங்குகிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்து இதைப் போட்டுக்கொள்ள முடிந்தது.

14 ஜனவரி 2024

நாளை பொங்கல். பட்டறை பூட்டியாச்சு. பனங்கிழங்கு அவிக்கிற வாசனையில் ஆக்சில் பேச்சு ஓடாது, அடுத்த வாரம் பார்ப்போம்.

21 ஜனவரி 2024

என் வண்டியைப் பிரித்ததற்கே காரணம் டிசம்பர் 17, 18 வெள்ளம்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. என் ஜீப் ஆக்சில் முங்கத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு பின் ஆக்சிலின் அடித் திருகைத் திறந்தால் பால் விட்ட டீ நிறத்தில் வந்து விழுந்தது எண்ணெய். ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மூச்சுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அந்த வெள்ளத்தில் நின்ற எந்த வண்டியானாலும், ஆக்சில் எண்ணெயை இன்னும் பார்க்காமல் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைப் பாருங்கள். எனக்குப் பேரிங்குகளில் துருப்புள்ளி விழுந்துவிட்டது. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும் என்று ஆனபோதுதான், மஸ்கட்டில் இருக்கும் அத்தானிடம் பவர்-லாக் பற்றிச் சொல்லிவைத்தேன். பழைய அமெரிக்க ஜீப் ஒன்றிலிருந்து கழற்றியதை அனுப்பிவைத்தார்.

வாங்கும் முன் மூன்று விஷயம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கை. பழைய 44களில் 10, அப்புறம் வந்தவற்றில் 19. வேகனியர் மாதிரிப் பெரிய வண்டிகளில் 30 பல்லும் உண்டு, அது நமக்கு ஆகாது. இரண்டு, கியர் விகிதம். என் கிரவுன் வீலில் (ஆக்சில் நடுவே உள்ள பெரிய பல்சக்கரம்) 43 பல், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியனில் 8, வகுத்தால் 5.38. ஸ்பைசர் 44க்கு 3.73 வரை ஒரு கேஸ் (கிரவுன் வீலைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கூடு), 3.92இலிருந்து மேலே வேறு கேஸ். மாறி வாங்கினால் கிரவுன் வீல் பினியனைத் தொடவே தொடாது. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. கூம்பு முனை ஷாஃப்ட்டுகள் உள்ள ஆக்சிலில் இரண்டு ஷாஃப்ட்டின் உள்முனைகளுக்கும் நடுவே ஒரு தாங்கு கட்டை நிற்கும். ஒரு பக்கத்துத் தள்ளலை மறுபக்கப் பேரிங்குக்குக் கடத்துவது அதுதான். வேறு வகை ஆக்சிலிலிருந்து எடுத்த கேஸில் அது இருக்காது. அது இல்லாத கேஸை மாட்டினால் ஷாஃப்ட் உள்ளே வெளியே ஆடிக்கொண்டே இருக்கும்.

28 ஜனவரி 2024

அம்பாசடருக்குப் போடலாமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு: அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழியில் வந்தது. அதில் டிஃபரன்ஷியலை முன்பக்கமாக முழுசாகக் கழற்றி மேசையில் வைத்தே வேலை பார்த்துவிடலாம், ஜீப்பைவிடச் சுகம். ஆனாலும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் தார் ரோட்டில் போய் வரும் காருக்கு எதற்கு இந்தச் செலவு? அந்தப் பணத்தில் பின்பக்கப் பட்டைச் ஸ்பிரிங்கைப் பிரித்துச் சரிசெய்யுங்கள், வண்டி கிடைக்கிற பிடிப்பை விடாமல் வைத்துக்கொள்ளும்.

10 பிப்ரவரி 2024

இன்றைக்கு முழுக்கத் தச்சநல்லூர்ப் பட்டறையில்தான். எல்எஸ்டி விலை, பிராண்டு என்று எல்லாரும் பேசுகிறோம். இந்த வேலை நிற்பதும் கெடுவதும் கிரவுன் வீலும் பினியனும் எப்படி உட்காருகின்றன என்பதில்தான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஸ்பைசர் 44இல் திருகி நகர்த்தும் நட் கிடையாது. கேஸின் இரு பக்கப் பேரிங்குக்கும் அடியில் ஷிம் தகடு வைத்துத்தான் இடம் வலம் நகர்த்த வேண்டும். பழைய கேஸில் இருந்த ஷிம்மை அப்படியே புதுக் கேஸில் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேஸ் மாறினால் அளவு மாறும். பேரிங்கை இழுத்து, தகடு மாற்றி, மறுபடி அழுத்தி, மறுபடி அளக்க வேண்டும். பொறுமை உள்ள மேஸ்திரி வேண்டும்.

டயல் கேஜை கிரவுன் வீல் பல்லில் வைத்து, பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் போதாது, சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும். அப்புறம் பற்களில் நீலச் சாயம் தடவி, கிரவுனை ஒரு கையால் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுற்றினோம். சாயம் அழிந்து பளிச்சென்று தெரியும் திட்டுதான் ஜாதகம். முதலில் வந்த திட்டு பல்லின் அடியோரமாக, வேர்ப் பக்கம் இறங்கி நீளமாக இருந்தது. பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். பல்லின் உச்சியில் விழுந்திருந்தால் பினியன் வெளியே நிற்கிறது என்று பொருள். பினியன் ஷிம்மைக் குறைத்துத் திரும்பப் பூட்டினோம். சாயங்காலம் வெயில் சாயும் நேரத்துக்குத் திட்டு பல்லின் நடுவில், வேருக்கும் உச்சிக்கும் சம தூரத்தில், முட்டை வடிவில் வந்து உட்கார்ந்தது. மேஸ்திரி பேசவில்லை, விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

பவர்-லாக் கேஸ் இரண்டு பாதியாகப் பிரியும். பிரிக்கும் முன் இரண்டிலும் பஞ்சில் குறி அடித்துக்கொள்ளுங்கள். பிளேட்டுகளையும் வந்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

11 பிப்ரவரி 2024

நேற்று விட்டது. ஹப்பின் கூம்புக்கும் ஷாஃப்ட்டின் கூம்புக்கும் நடுவே எண்ணெயோ துருவோ இருக்கக் கூடாது. துடைத்து, கீ புதிதாகப் போட்டு, நட்டைக் குறைந்தது 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். பிடிப்பது அந்தக் கூம்புதான், கீ துணைக்குத்தான். நட்டு தளர்ந்தால் கீ தனியாகச் சுமை வாங்கிப் பள்ளத்தைக் கிழிக்கும். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு திரும்ப ஒருமுறை இறுக்குங்கள். ஷாஃப்ட்டின் உள்வெளி ஆட்டம் 0.03 முதல் 0.15 மில்லிமீட்டர். அதையும் ஷிம் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

25 பிப்ரவரி 2024

மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று சத்தம் வருகிறது, போச்சா என்று ஒருவர் தன் வண்டியைப் பற்றிக் கேட்கிறார். போகவில்லை. பிளேட்டுகள் ஒட்டி ஒட்டி விடுவதால் வரும் சத்தம் அது. சாதாரண 90 ஹைபாய்டு எண்ணெய் மட்டும் ஊற்றியிருப்பீர்கள். பிளேட் வகைக்கு லிமிடெட் ஸ்லிப்புக்கான சேர்மானம் கலந்த எண்ணெய் வேண்டும். பின் ஆக்சிலுக்குச் சுமார் 1.2 லிட்டர் பிடிக்கும். ஊற்றிவிட்டு, வறண்ட குளத்துக்குள்ளோ பொட்டலிலோ எட்டுப் போட்டு ஓட்டுங்கள், இடமும் வலமும் மாறி மாறி. எண்ணெய் பிளேட்டுகளுக்கு நடுவே ஏறிவிட்டால் சத்தம் அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால்தான் திறக்க வேண்டும்.

3 மார்ச் 2024

ஜாக்கி விஷயம். இதைப் படிக்கிற எல்லாரும் வீட்டில் ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

எல்எஸ்டி உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து என்ஜினைப் போட்டுக் கியரில் விடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுக்கும், வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும். எல்எஸ்டி இல்லாத ஜீப்பிலும் ஆபத்து உண்டு. கைப்பிரேக் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மட்டும்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் உருளும். கைப்பிரேக் முழுசாக இழுத்திருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

26 மார்ச் 2024

நேற்று பங்குனி உத்திரம். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனாருக்குக் குடும்பத்தோடு போனோம். திருவிழாக் கூட்டத்தில் வண்டிகள் ஓரம் கட்டிக் கட்டி, பாதையின் விளிம்பில் செம்மணல் பொங்கிக் கிடந்தது. இரும்புச் சத்தால் சிவந்த அந்தத் தேரி மணலைப் பார்த்தால் கெட்டி மாதிரித் தெரியும், கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும்.

சொல்ல வேண்டியது இதுதான். ஒதுங்கி நின்ற இடத்தில் இடது சக்கரங்கள் மணலுக்குள், வலது சக்கரங்கள் இறுகிய பாதையில். முன்பானால் இடது பின் சக்கரம் சுழன்று தனக்குத் தானே குழி தோண்டியிருக்கும். இப்போது ஃபோர் வீல் போடாமலேயே, கிளட்ச்சை மெதுவாக விட்டதும் இடது சக்கரம் அரைச் சுற்றுச் சறுக்கியது, பின்னால் ஒரு சின்ன இறுக்கம், வலது சக்கரம் வண்டியைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டது. பொங்கல் பானையோடு பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் குலுங்கவே இல்லை. எனக்கு மனது நிறைந்துபோனது.

27 மார்ச் 2024

இதைப் படித்துவிட்டு "அப்போ ஃபோர் வீலே வேண்டாம்" என்று இரண்டு பேர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அப்படி இல்லை. நேற்று சொன்னது ஒரு பக்கம் கெட்டித் தரை இருந்த இடம். திசையன்விளைப் பக்கம் எங்கள் முருங்கைத் தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம் இரண்டு பக்கமும் மணல். அங்கே இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே புதையும், எல்எஸ்டி ஒன்றும் செய்யாது. அங்கே வேலை செய்வது டயர் காற்று. 6.00-16 டயரில் 15 பவுண்டு வரை இறக்கினால் டயர் பரந்து மணல் மேல் நிற்கும். அதற்குக் கீழே டியூப் டயரில் இறக்காதீர்கள், டயர் ரிம்மில் நழுவி டியூப்பின் மவுத்தைப் பிய்த்துவிடும். காற்று முதலில், ஃபோர் வீல் அடுத்து, எல்எஸ்டி மூன்றாவது. முருங்கைக்காய்க் கட்டு ஏற்றி வரும்போது மூன்றும் வேண்டியிருக்கும்.

இன்னொன்று: தேரியில் ரிசர்வ் காடும் உண்டு. இருக்கிற தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். மேடு ஏறிப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

2 நவம்பர் 2024

ஐப்பசி மழை. கயத்தாறு தாண்டி உறவுக்காரர் உளுந்து விதைத்திருக்கும் கரிசல் காட்டுக்குப் போய் வந்தேன். ஜனவரியில் முதல் கேள்வி கேட்ட கயத்தாறு அண்ணாச்சியின் நிலமும் இதே மண் என்பதால் இதை அவருக்காகவே எழுதுகிறேன். ஜனவரியில் நான் சொன்னதற்கு இது ஒரு முக்கியமான திருத்தம்.

நனைந்த கரிசலில், ஒரு பக்கம் சரிந்த தடத்தில் எல்எஸ்டி எதிராக வேலை செய்கிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சும்மா சுற்றினாலும் மற்றது சுற்றாமல் நின்று வண்டியின் பின்பாகத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். வண்டி நகராது, ஆனால் சரியாது. எல்எஸ்டியில் இரண்டும் சேர்ந்து சுழலும். சுழலும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது. பின்பாகம் பள்ளத்தை நோக்கி வழுக்கி இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்றது. கரையோரத்தில் கிணறு இருக்கிற தடமாக இருந்தால் நினைத்துப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. மிதிக்க மிதிக்கச் சரியும், விட்டால் நிற்கும் என்பதைக் கால் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆகையால் கரிசல்காரர்களுக்கு: நல்ல ஆழப் பட்டன் டயர் முதலில். அது கரிசலை உதறித் தள்ளாவிட்டால் வேறு எதுவும் உதவாது. ஓடைக்கரை ஏறுவது மட்டும்தான் தொல்லை என்றால் எல்எஸ்டி போடுங்கள், ஆனால் பிளேட் இறுக்கத்தை மிதமாக வையுங்கள். சரிவுத் தடத்தில் தினமும் போகிறவர் என்றால் போட வேண்டாம், சாதாரண டிஃபரன்ஷியலே இருக்கட்டும். தேரிக்காரர்களுக்கு மார்ச்சில் எழுதியது அப்படியே நிற்கிறது.

5 நவம்பர் 2024

"அப்போ வெல்டும் வேண்டாம், எல்எஸ்டியும் வேண்டாம் என்றால் ஓடையில் என்னதான் செய்ய?" என்கிறார் அண்ணாச்சி. கரையைக் குறுக்காக ஏறாதீர்கள். நேராக ஏறுங்கள், இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் கரையைத் தொடட்டும். மூலைக்கு மூலை தூக்குவது பாதி அதிலேயே நின்றுவிடும். ஸ்பிரிங் பட்டைகள் துருவில் ஒட்டிக்கிடந்தால் ஆக்சில் சாயாது, சக்கரம் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும். பட்டைகளைப் பிரித்துக் கிரீஸ் வைத்து, ஷேக்கிள் புஷ் மாற்றிவிட்டு மறுபடி ஓடையில் இறக்கிப் பாருங்கள். இரண்டும் செய்த பிறகும் நின்றால் மிதமான இறுக்கத்தில் பவர்-லாக் போடலாம். அப்போது ஹப்பைக் கழற்றி, ஷாஃப்ட்டை வெளியே இழுத்து, உள்முனைப் பல்லை எண்ணிவிட்டு எழுதுங்கள், 10 பல் ஷாஃப்ட்டாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

24 நவம்பர் 2024

என் ஆக்சில் எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. அடித் திருகில் காந்தம் ஒட்டிவைத்திருந்தேன், அதில் மாவு மாதிரி மெல்லிய பொடி மட்டும், செதில் எதுவும் இல்லை. பிளேட்டுகள் பழகும்போது இந்தப் பொடி வருவது இயல்புதான். மூச்சுத்துளைக்கு ரப்பர்க் குழாய் மாட்டி டிக்கிக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன், அடுத்த வெள்ளத்துக்கு. இடப்பக்க ஹப் நட்டு கால் சுற்று இறுக இடம் கொடுத்தது. வலது அசையவில்லை.